லிவ் உல்மனை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

நடிகை லிவ் உல்மனின் படங்களைப் பார்க்கலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது ‘பெர்சோனா’வைத்தான். உலகின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கும். நீளமும் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். ஆனால் உல்மனை அறிந்துகொள்ள அது சரியான வாசல் அல்ல. அதில் அவர் ஏற்ற எலிசபெத் வோக்லர், பேச்சை நிறுத்திவிட்ட ஒரு நாடக நடிகை. படம் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள். பேசும்போது அந்த முகம் எப்படி அசையும் என்று முன்பே பார்த்திருந்தால்தான், பேசாதபோது அது எதைப் பூட்டிவைத்திருக்கிறது என்பது பிடிபடும். அந்தப் பழக்கம் இல்லாமல் நேராக ‘பெர்சோனா’வுக்குள் போகிறவர்கள் அரை மணி நேரத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். வரிசையை மாற்றினாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உல்மன் நார்வேக்காரர். 1938 டிசம்பர் 16 அன்று டோக்கியோவில் பிறந்தவர். அவருடைய பெரிய பாத்திரங்கள் அநேகமாக எல்லாமே ஸ்வீடிஷ் மொழியில் அமைந்தவை. 1966 முதல் 2003 வரை ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் இயக்கத்தில் பத்து படைப்புகளில் முக்கியப் பாத்திரம் ஏற்றார். யான் ட்ரோயல் இயக்கிய இரண்டு பெரும்படங்கள் அவற்றுக்கு நிகராக நிற்கின்றன. இந்தப் பன்னிரண்டையும் பார்க்கத் தேவையானவைதான் இங்கே சொல்லப்படுகின்றன: எந்தப் பதிப்பைத் தேடுவது, டிவியை எப்படி வைத்துக்கொள்வது, எந்த வரிசையில் போவது, எந்தக் காட்சியில் எங்கே பார்ப்பது.

முதலில் திரை

உல்மனின் நடிப்பில் பாதிக்கு மேல் குளோசப்பில் நடக்கிறது. அதனால் படச்சட்டம் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் இழப்பு பெரிது. ‘பெர்சோனா’, ‘ஹவர் ஆஃப் த உல்ஃப்’, ‘ஷேம்’ ஆகிய கறுப்பு வெள்ளைப் படங்கள் உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற பழைய விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி 1.78க்கு 1. படத்தை ஒழுங்காகக் காட்டினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். திரையின் அகலத்தில் ஏறக்குறைய 77 சதவீதத்தில்தான் படம் தெரியும். அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு ரிமோட்டில் ‘ஜூம்’ அழுத்தினால் திரை நிரம்பிவிடும். ஆனால் உயரத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்டுப்பட்டுப் போகும். நெற்றியும் தாடையும் இல்லாத முகம் மிஞ்சும். ‘ஸ்ட்ரெச்’ அழுத்தினால் முகம் பக்கவாட்டில் அகலமாகும். இரண்டும் வேண்டாம். பட விகித அமைப்பை ‘ஒரிஜினல்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவிக்கு டிவி பெயர் மாறும். ‘த பேஷன் ஆஃப் அன்னா’, ‘க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்’, ‘ஆட்டம் சொனாட்டா’, ட்ரோயலின் படங்கள் எல்லாம் 1.66க்கு 1. இவற்றில் பக்கப் பட்டை மெல்லியதாக இருக்கும். ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’ டிவிக்காக எடுத்தது என்பதால் பழைய டிவியின் சதுரச் சாயல் சட்டம். 2003இல் வந்த ‘சாராபாண்ட்’ டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. அது மட்டும் திரை முழுவதையும் நிரப்பும்.

அடுத்தது அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் அமைப்பு. சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று இருக்கும். இதை அணைத்தே ஆக வேண்டும். நொடிக்கு 24 சட்டங்களுக்கு நடுவே டிவி தானாகவே இடைச்சட்டங்களை உருவாக்கிச் செருகும்போது, இமை துடிப்பதும் உதடு நடுங்குவதும் மெழுகு பூசியது போல ஆகிவிடும். உல்மன் விஷயத்தில் அந்த நடுக்கம்தானே பாத்திரம்! ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருக்கும் டிவியில் அதைப் போட்டால் இவை எல்லாம் சேர்ந்தே அணைந்துவிடும்.

நிறத்துக்கு ‘விவிட்’ வேண்டாம். ‘க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்’ படத்தில் சுவர், தரைவிரிப்பு, திரைச்சீலை எல்லாம் சிவப்பு. காட்சி முடியும்போதுகூடத் திரை கறுப்பாகாமல் சிவப்பாகத்தான் மங்கும். ‘விவிட்’டில் அந்தச் சிவப்புகளுக்குள் இருக்கும் வேறுபாடு அழிந்து ஒரே குங்குமப் பூச்சாகிவிடும். முகங்கள் ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடும். ஸ்வென் நிக்விஸ்ட் ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவு அது. ‘சினிமா’ அமைப்பில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

பதிப்பும் சப்டைட்டிலும்

வாங்குவதற்கோ பதிவிறக்குவதற்கோ முன்னால் நீளத்தைப் பாருங்கள். தவறான பதிப்பை அடையாளம் காண அதுவே எளிய வழி.

‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’ இரண்டு வடிவங்களில் உண்டு. 1973இல் ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஆறு பகுதிகளாக வந்தது மூல வடிவம். ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 50 நிமிடம். வெளிநாட்டுத் திரையரங்குகளுக்காக அதைச் சுருக்கியது இன்னொன்று. அது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கையில் கிடைத்தது இரண்டே முக்கால் மணி நேரக் கணக்கில் இருந்தால் அது சுருக்கம். சுருக்கத்தில் கதை கெடவில்லை, ஆனால் மரியன் என்ற பெண் மெதுவாக மாறும் அந்த மெதுவு போய்விடுகிறது. ஆறு பகுதி வடிவத்தையே தேடுங்கள்.

‘தி எமிக்ரண்ட்ஸ்’ மூன்று மணி நேரம் 10 நிமிட அளவில் இருக்க வேண்டும். இரண்டரை மணி நேரப் பதிப்பு கிடைத்தால், அது அமெரிக்க வெளியீட்டுக்காக வெட்டி ஆங்கிலத்தில் டப் செய்தது. அதைத் தொடவே வேண்டாம். இதன் தொடர்ச்சியான ‘தி நியூ லேண்ட்’ மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல்.

டப்பிங் எதுவானாலும் தவிர்ப்பது நல்லது. உல்மன் வசனத்தின் நடுவில் மூச்சை நிறுத்தி எடுக்கிற பழக்கம் உள்ளவர். ஒரு சொல்லைத் தொடங்கி விழுங்கிவிடுவார். டப் செய்கிறவர் உதட்டசைவுக்குப் பொருத்துவதற்காக அந்த இடைவெளிகளை நிரப்பிவிடுகிறார்.

பழைய ஐரோப்பிய டிவிடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நொடிக்கு 24 சட்டப் படத்தை 25ஆக ஓட்டிப் பதிந்திருப்பார்கள். படம் சுமார் 4 சதவீதம் வேகமாகும். குரலும் கொஞ்சம் மேலே ஏறும். 83 நிமிட ‘பெர்சோனா’ 80க்கு அருகில் காட்டினால் வெட்டிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், இதுதான் காரணம். ஆனால் இப்படிப்பட்ட படத்தோடு வேறு இடத்திலிருந்து எடுத்த சப்டைட்டில் கோப்பைச் சேர்த்தால் போகப் போக விலகும். தொடக்கத்தில் சரியாக இருந்து, படம் முடியும் இடத்தில் மூன்று நிமிடம் தள்ளி நிற்கும். எனவே சப்டைட்டில் பொருந்தாவிட்டால் படத்தின் தொடக்கத்தில் ஓரிடம், கடைசியில் ஓரிடம் என இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் விண்டோஸ் கணினியில் விஎல்சி வீடியோ பிளேயரின் ‘ஜி’, ‘ஹெச்’ விசைகளால் நகர்த்திவிடலாம். ஒரு தட்டலுக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நகரும். பிந்துவது கூடிக்கொண்டே போனால் நகர்த்திப் பயனில்லை. சப்டைட்டில் வேகத்தையே மாற்ற வேண்டும், அல்லது அந்தப் பதிப்புக்கென்றே செய்த கோப்பைத் தேட வேண்டும்.

எழுத்தின் அளவைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து சதுரச் சட்டத்தில் தாடையின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

கேட்பவரைப் பாருங்கள்

உல்மனைப் பார்ப்பதில் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். நம் கண் இயல்பாகவே பேசுகிறவர் பக்கம் போகும். சப்டைட்டில் வேறு கீழே இழுக்கும். உல்மனின் பெரிய காட்சிகள் பலவற்றில் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எதிராளியின் ஒவ்வொரு சொல்லும் அந்த முகத்தில் போய் விழுவது தெரியும். விழுந்த பிறகு அதை மறைக்க முயல்வதும் தெரியும். மறைக்க முயல்கிறார் என்பதும் நமக்குத் தெரியும்படி அவர் நடிக்கிறார்.

இதற்குப் பயிற்சி எளிது. முழுப் படத்தையும் ஒரு முறை சப்டைட்டிலோடு பாருங்கள். பிறகு மூன்று நான்கு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்து சப்டைட்டிலை அணைத்துப் பாருங்கள். அர்த்தம்தான் ஏற்கனவே தெரியுமே, இப்போது கண் மேலேயே இருக்கும். மூன்றாவது முறை ஒலியையும் அணையுங்கள். எந்தச் சொல்லுக்குப் பார்வை விலகியது, எப்போது விழுங்கினார், எங்கே சிரிப்பு கண்ணுக்கு ஏறாமல் உதட்டிலேயே நின்றது என்று குறித்துக்கொள்ளலாம். காட்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. படம் முழுவதையும் இப்படிச் செய்யாதீர்கள், சலித்துவிடும்.

இன்னொன்று: பெர்க்மனும் உல்மனும் சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள், அவர்களுக்கு ஒரு மகள் உண்டு. அதைச் சாவியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரத்தையும் திறக்கப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் நடிப்பு மறைந்து வம்பு மட்டுமே மிஞ்சும்.

வரிசை

தொடங்க வேண்டியது ‘ஆட்டம் சொனாட்டா’, 1978. ஒரு வீடு, தாய், மகள், ஓர் இரவு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உலகம் சுற்றும் பியானோக் கலைஞரான தாய் சார்லட்டாக இங்ரிட் பெர்க்மன். இயக்குநருக்கு உறவில்லை, பெயர் ஒற்றுமைதான். பாதிரியாரின் மனைவியாக ஒரு சிற்றூரில் வாழும் மகள் ஈவாவாக உல்மன். வட்டக் கண்ணாடி, பின்னிய தலைமுடி, உடம்பையே கொஞ்சம் குறுக்கிக்கொண்டு நிற்கிற நிலை. ஷோப்பானின் ஏ மைனர் முன்னிசையை ஈவா வாசித்துக்காட்டும் காட்சியில்தான் பயிற்சி தொடங்க வேண்டும். முதலில் மகள் வாசிக்கிறாள். கேமரா தாயின் முகத்தில் நிற்கிறது. பிறகு தாய் உட்கார்ந்து, இது எப்படி வாசிக்கப்பட வேண்டும் என்று விளக்கிவிட்டு வாசிக்கிறாள். இருவர் முகமும் ஒரே சட்டத்தில். தாய் விசைப்பலகையைப் பார்க்கிறாள், ஈவா தாயின் முகத்தைப் பார்க்கிறாள். வாசிப்பு முடியும்வரை ஈவாவின் கண்ணை மட்டும் பாருங்கள். வியப்பு, ஏக்கம், சிறுவயதுக் காயம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கசப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். வசனம் ஒன்றும் இல்லை. இரவுச் சண்டைக்கு இந்தக் காட்சிதான் விதை. இதைத் தவறவிட்டவர்களுக்கு அந்தச் சண்டை திடீரென்று வெடித்தது போலத் தோன்றும்.

இரண்டாவது ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’. ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று ஆறு நாள் பாருங்கள். ஒரே மூச்சில் பார்த்தால் நான்காவது பகுதிக்குள் சண்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பெர்க்மன் தானே பெயர்களைப் படிக்க, ஸ்வீடனின் ஃபோரோ தீவுக் காட்சிகள் வரும். அதைத் தாண்டிவிட வேண்டாம், மூச்சு வாங்கிக்கொள்ள அது வேண்டும்.

மரியன் விவாகரத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். முதல் பகுதி ஒரு பத்திரிகைப் பேட்டியோடு தொடங்குகிறது. கணவன் யூஹான் (நடிப்பு எர்லண்ட் ஜோசஃப்சன்) தன்னைப் பற்றி மடமடவென்று அளக்கிறான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மரியனைக் கேட்டதும் அவளுக்குச் சொல் வரவில்லை. கணவன் பெயரையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். இந்தத் தடுமாற்றத்தை நினைவில் வையுங்கள். ஐந்தாவது பகுதியில் அதே பெண் எப்படிப் பேசுகிறாள் என்பதோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது பகுதியில் வயதான ஒரு பெண்மணி மரியனின் அலுவலகத்துக்கு விவாகரத்து கேட்டு வருகிறார். அன்பில்லாத மண வாழ்வில் தன் புலன்களே மரத்துப்போகின்றன என்று அமைதியாகச் சொல்கிறார். மரியன் வழக்கறிஞராகக் கேட்கத் தொடங்கி, நடுவில் எங்கோ மனைவியாகக் கேட்கிறாள். அந்த மாற்றம் நடக்கும் நொடியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் காட்சிக்கான பயிற்சி. மூன்றாவது பகுதியில், வேறு பெண்ணோடு போகிறேன் என்று சொன்ன கணவனுக்கு அவளே பெட்டி அடுக்கித் தருகிறாள். அப்போது கைகளைப் பாருங்கள். முகம் இன்னும் நம்பவில்லை, கைகள் வேலையை முடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த நடிப்பு ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. முன்பே தொலைக்காட்சியில் வந்துவிட்டது என்பது காரணம்.

மூன்றாவதாக இப்போது ‘பெர்சோனா’. இதற்குள் உல்மனின் குரல் உங்கள் காதில் இருக்கும், அதனால் மௌனம் கனக்கும். தொடக்கச் சில நிமிடங்களில் புரொஜெக்டர், கார்ட்டூன், ஆட்டை அறுப்பது, கையில் ஆணி என்று துண்டு துண்டாக வரும். அதற்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்காமல் கடந்துவிடுங்கள். நின்று பார்க்க வேண்டிய முதல் இடம் மருத்துவமனை: வானொலியில் பாக் இசை ஒலிக்க, எலிசபெத் தலையணையில் முகத்தைத் திருப்பிக் கிடக்கிறாள். பொழுது சாய்கிறது. ஒரு நிமிடத்துக்கும் மேல் கேமரா அசையாமல் நிற்க, வெளிச்சம் மெதுவாக வடிந்து முகம் இருட்டாகிறது. அறையில் விளக்கு எரிந்தாலோ டிவியின் பிரகாசம் தானாகக் கூடிக் குறையும் அமைப்பில் இருந்தாலோ இந்த ஷாட் கெட்டுவிடும். அந்தத் தானியங்கி அமைப்பை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

அதன் பின் தீவு வீடு. செவிலி ஆல்மா (நடிப்பு பீபி ஆண்டர்சன்) ஓர் இரவு தன் வாழ்வின் ரகசியத்தைச் சொல்கிறாள். சப்டைட்டில் மிக அடர்த்தியான பகுதி இது. முதல் முறை படித்துத்தான் ஆக வேண்டும். இரண்டாம் முறை படிப்பதை விட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்கும் எலிசபெத்தைப் பாருங்கள். அவள் பரிவோடு கேட்கிறாளா, நடிகையாக ஆல்மாவைப் படித்துக்கொண்டிருக்கிறாளா என்பது பிறகு ஒரு கடிதத்தில் தெரியவரும். கடிதத்தைத் தெரிந்துகொண்டு திரும்பிப் பார்த்தால் இரண்டுமே அந்த முகத்தில் இருப்பது தெரிகிறது. ஆல்மா கொதிக்கும் நீரைத் தூக்கும்போது எலிசபெத் அலறும் அலறல், கடைசியில் ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பிச் சொல்லும் சொல், இவைதான் அவள் பேசுவதாகக் கேட்பவற்றில் நிச்சயமானவை.

குழந்தையைப் பற்றிய உரையை ஆல்மா இரண்டு முறை சொல்வாள்; முதலில் கேட்பவள் முகம், பிறகு சொல்பவள் முகம். படம் தவறுதலாகத் திரும்ப ஓடுகிறது என்று சிலர் முன்னே தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது. வசனம் ஒன்றேதான், முகம் மாறும்போது குற்றம் சாட்டுகிறவர் யார் என்பதே மாறிவிடுகிறது. முடிவில் இரு முகங்களின் பாதிகள் ஒன்றாக ஒட்டப்படும்.

அடுத்து ‘ஷேம்’, 1968. உல்மனின் மிகப் பெரிய பாத்திரம் எது என்று கேட்டால் இந்த ஈவாவைச் சொல்லலாம். பெயர் தெரியாத ஒரு போரில் ஒரு தீவில் மாட்டிக்கொண்ட இசைக் கலைஞர் தம்பதி. கணவன் யானாக மேக்ஸ் வான் சிடோ. தொடக்கத்தில் கணவன் அழுகிறவன், ஈவா வீட்டைத் தாங்குகிறவள். முடிவில் கணவன் கொலைகாரன், ஈவா பேச்சற்றவள். திருப்பம் எந்தக் காட்சியில் என்று தேடினால் கிடைக்காது. உல்மன் அதைக் காட்சிக்குக் காட்சி ஒரு துளியாகக் குறைத்துக்கொண்டு போகிறார். வெளியே மேசை போட்டு மது அருந்தும் மதிய வேளையில் கேமரா ஈவாவின் முகத்திலேயே நீண்ட நேரம் நிற்கும். அதுதான் அளவுகோல், அதற்குப் பிறகு அந்த முகம் திரும்ப வராது. சிப்பாய்கள் ஈவாவைப் படம் பிடித்து, பிறகு வேறு வசனத்தை அவள் உதட்டுக்குப் பொருத்திப் போட்டுக்காட்டும் காட்சியையும் கவனியுங்கள். கடைசியில் படகில் அவள் ஒரு கனவைச் சொல்கிறாள்: ரோஜாக்கள் படர்ந்த சுவர், அது தீப்பிடிப்பது, கையில் ஒரு குழந்தை, யாரோ சொன்ன ஏதோ ஒன்று நினைவுக்கு வராமல் போவது. குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. அழுதுகொண்டே சொல்லியிருந்தால் பாதிகூடத் தைத்திருக்காது.

இதோடு சேர்த்து ‘த பேஷன் ஆஃப் அன்னா’, 1969. பார்க்கும் முறை மட்டும் வேறு. அன்னா ஒரு விபத்தைப் பற்றியும், பொய்யே இல்லாத தன் மண வாழ்வைப் பற்றியும் சொல்கிறாள். அவளுடைய பையில் இருந்த ஒரு கடிதத்தை நாம் ஏற்கனவே படித்துவிட்டோம். அவள் சொல்வது உண்மையில்லை என்று தெரியும். பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல் பொய் சொல்கிற முகத்தை உல்மன் நடிக்கிறார். கண்ணில் தடுமாற்றம் தேடாதீர்கள், இருக்காது. அந்தத் தெளிவுதான் பயமுறுத்துகிறது. படத்தின் நடுவே நடிகர்கள் தங்கள் பாத்திரங்களைப் பற்றிப் பேசும் சிறு பேட்டிகள் வரும். அவை கூடுதல் இணைப்பல்ல, படத்தின் பகுதி. ‘ஹவர் ஆஃப் த உல்ஃப்’ படத்தை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் உல்மன் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுவது மட்டும் தவறவிடக் கூடாதது.

இந்த இடத்தில் பெர்க்மனிலிருந்து வெளியே வாருங்கள். தொடர்ந்து பார்த்தால் எல்லாப் படங்களும் ஒரே நீண்ட குளோசப்பாகத் தோன்றத் தொடங்கும். ட்ரோயலின் ‘தி எமிக்ரண்ட்ஸ்’ 1971, ‘தி நியூ லேண்ட்’ 1972. வில்ஹெல்ம் மொபெர்கின் நாவல் வரிசையிலிருந்து எடுத்தவை. ஸ்வீடனின் ஸ்மோலாந்து பகுதியில் கல்லும் பாறையுமான நிலத்தோடு மல்லுக்கட்டிய குடும்பம் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கப்பலேறி மினசோட்டாவுக்குப் போகிறது. கார்ல் ஆஸ்கராக மீண்டும் வான் சிடோ, அவன் மனைவி கிறிஸ்டினாவாக உல்மன்.

ட்ரோயல் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றையும் தானே செய்தவர். அவருடைய கேமரா வயலைப் பார்க்கும், மழையைப் பார்க்கும், இடையில் போகிறபோக்கில் கிறிஸ்டினாவைப் பார்க்கும். ஆகவே முகத்தை மட்டும் தேடாதீர்கள். முதுகையும் நடையையும் பாருங்கள். ஊஞ்சலாடும் இளம்பெண்ணாக அவர் அறிமுகமாகிறார். அப்போது உல்மனுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒப்பனையைவிட உடல் எடையைக் காலில் வைக்கும் விதத்திலேயே வயதைக் குறைத்திருக்கிறார். பிரசவம் பிரசவமாக அந்த நடை கனத்துப்போகிறது. கப்பலில் நோயில் விழும் இரவு, ஊரார் ஒதுக்கிய உல்ரிகா என்ற பெண்ணை அருவருத்து விலக்குவதும் பின் அவளே உற்ற தோழியாவதும், இரண்டாம் படத்தில் இன்னொரு பிரசவம் உயிரைக் கொல்லும் என்று தெரிந்த பின் எடுக்கும் முடிவு ஆகியவை நின்று பார்க்க வேண்டியவை. நான்கு அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் படத்தைக் கப்பல் கிளம்பும் இடத்தில் நிறுத்தலாம். ஆஸ்கர் வரலாற்றில் ‘தி எமிக்ரண்ட்ஸ்’ படத்துக்கு ஓர் அபூர்வம் உண்டு. ஓர் ஆண்டு வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் பரிந்துரை பெற்று, அமெரிக்க வெளியீட்டுக்குப் பின் மறு ஆண்டு சிறந்த படம், இயக்குநர், தழுவல் திரைக்கதை, உல்மனுக்குச் சிறந்த நடிகை ஆகிய பிரிவுகளிலும் பரிந்துரை பெற்றது.

திரும்பி வந்ததும் ‘க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்’, 1972. சாகக் கிடக்கும் சகோதரியைப் பார்க்க வந்த மரியாவாக உல்மன். சகோதரிகளின் தாயாக வருவதும் அவர்தான். இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், இல்லையென்றால் குழப்பும். கண்ணாடி முன் நிற்கும் மரியாவின் முகத்தில் ஒவ்வொரு கோடும் எப்படி வந்தது என்று மருத்துவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி, இதுவரை சொன்ன பயிற்சிக்கெல்லாம் தேர்வு வைப்பது போன்றது. அவர் குறிப்பிடும் கோடு உண்மையாகவே முகத்தில் இருக்கிறதா என்று நாமும் தேடுவோம், மரியாவும் தேடுவாள்.

கூட்டமாகத் திரையிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தப் படத்தில் ஒரு பெண் கண்ணாடித் துண்டால் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் காட்சி உண்டு. 1976இல் வந்த ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ படத்தில் உல்மன் ஏற்ற மனநல மருத்துவர் தற்கொலைக்கு முயல்கிறார். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள். இரண்டாவது படத்துக்காக உல்மன் மறுபடியும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அதில் ஒரு நீண்ட காட்சியில் சிரிப்பு அழுகையாக மாறுவதை வெட்டில்லாமல் பார்க்கலாம். படமாக அது ஏற்ற இறக்கம் உள்ளதுதான், அவருக்காகப் பார்க்கலாம். போட்டியில் அவர் ஆஸ்கர் வென்றதில்லை; 2022இல் கௌரவ ஆஸ்கர் அளித்தார்கள்.

கடந்துவிடக் கூடியவை

1973, 74ஆம் ஆண்டுகளில் ஹாலிவுட் அவரை அடுத்தடுத்து அழைத்தது. ‘லாஸ்ட் ஹொரைசன்’ என்ற இசைப்படம், ‘ஃபார்ட்டி கேரட்ஸ்’ என்ற நகைச்சுவை, ராணி வேடத்தில் ‘தி அப்டிகேஷன்’. இவற்றில் கேமரா அவர் முகத்துக்காகக் காத்திருப்பதில்லை. வசனம் முடிந்ததும் வெட்டிவிடுகிறார்கள். வசனம் முடிந்த பிறகுதான் உல்மனின் வேலை தொடங்கும் என்பதால் எதுவும் மிஞ்சவில்லை. பெர்க்மன் ஜெர்மனியில் எடுத்த ‘தி சர்பென்ட்ஸ் எக்’ படத்தையும் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம். விதிவிலக்காக ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’, 1977. 1944 ஆர்னம் போரின்போது தன் வீட்டையே காயமுற்ற சிப்பாய்களுக்கான மருத்துவமனையாகத் திறந்துவிட்ட டச்சுப் பெண் கேட் டெர் ஹார்ஸ்டாகச் சில நிமிடங்களே வருகிறார். அந்தச் சில நிமிடங்கள் நிற்கின்றன.

இயக்குநராக அவர் செய்தவற்றில் ‘ஃபெய்த்லெஸ்’, 2000, பெர்க்மன் எழுதியது. உல்மன் திரையில் இல்லாவிட்டாலும் பாருங்கள். கேட்கிற முகத்தின் மேல் கேமராவை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார் என்பது தெரியும்.

கடைசியில் ‘சாராபாண்ட்’

மரியனும் யூஹானும் முப்பது ஆண்டுக்குப் பிறகு சந்திக்கிறார்கள். அதே உல்மன், அதே ஜோசஃப்சன். ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’ பார்த்து உடனே இதற்குத் தாவாதீர்கள். இடையில் மற்றப் படங்கள் வந்து நாட்கள் கழிந்தால்தான் அந்த முப்பது ஆண்டு நமக்கும் கொஞ்சம் நடந்திருக்கும். சில விவரங்கள் பொருந்தாது. பழையதில் மகள்கள் காரின், ஈவா; இதில் சாரா, மார்த்தா. பழையதில் யூஹானுக்கு மனைவியைவிட ஏழு வயது கூடுதல். இதில் அவனுக்கு 86, அவளுக்கு 63. கணக்குப் பார்க்க வேண்டாம், பெர்க்மன் வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

முன்னுரை, பத்துக் காட்சிகள், முடிவுரை. மேசை நிறையப் புகைப்படங்களோடு மரியன் நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறாள். நடுப்பகுதியில் யூஹானின் மகனும் பேத்தியும்தான் பேசுகிறார்கள். மரியன் அநேகமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முடிவுரையில், மனநோய் விடுதியில் யாரையும் அறியாமல் கிடக்கும் மகள் மார்த்தாவைப் பார்க்கப் போனதைச் சொல்கிறாள். மகளின் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் தொடுகிறாள். என் குழந்தையைத் தொடுகிறேன் என்று அன்றுதான் முதன்முதலாக உணர்ந்ததாகச் சொல்லும்போது குரல் கம்மி நின்றுவிடுகிறது. இந்தக் காட்சிக்கு சப்டைட்டிலை முதல் முறையே அணைத்துவிட்டுப் பாருங்கள்.